மூன்றில் இரண்டு

அந்தக் கோடு ஏறியிருக்கக் கூடாது.

மாரித் காப்பிக் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி, குடிக்க மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கடலில் நின்ற எண்ணெய்த் தளத்தின் வடக்குக் காலுக்குள், கடல்தரை மட்டத்தில், தண்ணீர் கசிந்தால் சொல்வதற்கென்று மூன்று சென்சார்கள் இருந்தன. முதலாவதும் மூன்றாவதும் செத்த பாம்பு மாதிரி நேர்கோடாகக் கிடந்தன. இரண்டாவது மட்டும் காலையில் மெதுவாகத் தலையைத் தூக்கி, உயர்ந்து, ஓரிடத்தில் அசையாமல் நின்று, அப்புறம் வந்த வழியே சாவகாசமாக இறங்கிப் படுத்திருந்தது.

கசிவு அப்படி வராது. கசிகிற தண்ணீர் ஏறும். பம்பு இழுத்தால் இறங்கும். ஓரிடத்தில் நின்று யோசித்துக்கொண்டிருக்காது.

மதியம் திரும்புவதற்குள் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நவம்பர் வடகடலில் வெயில் என்பது வேண்டா வெறுப்பாக வந்த விருந்தாளி, உட்காருவதற்குள் எழுந்துவிடும். ஜன்னலுக்கு அப்பால் மூடுபனி சுவராக நின்றது. உணவுக்கூடத்திலிருந்து வாஃபிள் வேகும் வெண்ணெய் மணமும், அதன்மேல் சீவிப் போடும் பழுப்புப் பாலாடைக்கட்டியின் இனிப்பு மணமும் நடைவழி முழுக்க நிறைந்திருந்தன. இதற்கெல்லாம் அடியில், எப்போதும்போல், நான்கு கான்கிரீட் கால்களின் வழியே கடல் ஏறி வந்து தரையை மெல்ல நடுங்க வைத்துக்கொண்டிருந்தது. தளத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த நடுக்கம் மூச்சு மாதிரி. இருப்பது தெரியாது.

மாரித் பழைய நாட்களின் கோடுகளை எடுத்துப் பார்த்தாள். வெற்றுக் குழாய்போன்ற அந்தக் காலுக்குள் யார் எப்போது லிஃப்டில் இறங்கினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்கக் காப்பி ஆறிப்போனது. ஆள் இறங்கியபோதெல்லாம் இரண்டாவது சென்சார் எழுந்திருந்தது. ஆள் இல்லாத நேரத்தில் ஒரு தடவைகூட இல்லை. எழுந்த உயரமும் ஒன்றாக இல்லை. துப்புரவு வேலைக்கு இறங்கும் அந்தக் குள்ளமான பெண்ணுக்குக் குறைவாக. மெக்கானிக் ஐனாருக்கு அதிகமாக.

ஐனார் அவளுடைய தம்பி. இந்தத் தளத்தில் அவனுக்கு வேலை கிடைத்ததே இவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான்.

அவள் எழுந்துபோய்க் கதவு நிலையருகே நின்றாள். அளவு நாடாவை இழுத்து, ஐனார் இறங்கிய நாளில் கோடு நின்ற உயரத்தில் விரலை வைத்தாள். அவனை அங்கே நிற்கவைத்ததாக நினைத்துப் பார்த்தாள். விரல் அவன் உதட்டில் இருந்தது.

நாடாவைச் சுருட்டி மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அன்று பிற்பகல் மூவர் கூட்டம். தளத் தலைவன் ஸ்வைனுங், கட்டுப்பாட்டு அறை ஹால்வர், மாரித். குளிர்காலம் இறுகுவதற்குள் எந்தப் பழுதை முதலில் பார்ப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். அதுதான் மாரித்தின் பிழைப்பு. ஒரு கருவி கெட்டால் எவ்வளவு சேதம், எவ்வளவு அடிக்கடி கெடும், கெடுவதற்குமுன் கண்ணில் படுமா படாதா என்று மூன்றுக்கும் மார்க் போடுவாள். மூன்றையும் பெருக்கினால் ஒரு எண் வரும். பெரிய எண் எதற்கோ அந்தக் கருவிக்கு முதல் பந்தி. கிரேனின் பிரேக், தீயணைப்புப் பம்பு, உயிர்காக்கும் படகின் கொக்கி எல்லாம் வரிசையில் நின்றன. வடக்குக் காலின் அடியிலிருக்கும் வடிகால் பம்பு எங்கோ நடுவில் கிடந்தது.

"அந்த ரெண்டாவது சென்சார்," என்று ஆரம்பித்தாள் மாரித்.

"அந்த அழுமூஞ்சியா?" ஹால்வர் புகையிலைப் பொட்டலத்தை மேலுதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டான். "மத்த ரெண்டும் காய்ஞ்சு கிடக்கு. இது ஒண்ணுதான் கத்துது. தனி மரம் தோப்பாகாதுன்னு எங்களுக்குப் பாடம் எடுத்தவளே நீதானே?"

அது உண்மை. மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் சேதி. ஒன்று மட்டும் சொன்னால் அது சென்சாரின் கோளாறு. அந்த விதியின்மேல்தான் தளமே நின்றது. இரண்டு சென்சார் சேர்ந்து 'தண்ணீர்' என்றால், யாரையும் கேட்காமல் காலின் மேல்வாயை ஒரு பெரிய இரும்புக் கதவு மூடிவிடும். ஒரு கால் முழுகினாலும் மற்ற மூன்றும் தளத்தைத் தாங்கும் என்று கணக்கு.

"ஆள் இறங்கும்போது மட்டும்தான் ஏறுது, ஹால்வர்."

"லிஃப்ட் மோட்டார் ஓடுதுல்ல? வயர்ல எதையாவது தூண்டிவிடும்."

"அப்போ ஆளுக்கு ஆள் உயரம் ஏன் மாறுது?"

ஸ்வைனுங் நிமிர்ந்து பார்த்தான். நல்ல மனிதன்; யார் பேசினாலும் காது கொடுப்பான். "என்ன உயரம்?"

வாய் உயரம் என்று சொல்ல வேண்டியதுதான். மாரித்துக்கு நாக்கு எழவில்லை. பளிச்சென்ற விளக்கும் வாஃபிள் தட்டுமாக இருந்த அந்த அறையில் அந்த இரண்டு வார்த்தையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. பார்க்கிறேன்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றான் ஹால்வர். "நம்ம மாரித்துக்கு நவம்பர் வந்துடுச்சு. ஒதுக்கி வெச்சுடலாம் அதை. என்ன சொல்றே, ஸ்வைனுங்?"

"ஒதுக்கிட்டா மிச்சம் ரெண்டுதானே?"

"அந்த ரெண்டுல எது ஒண்ணு கத்தினாலும் கதவு மூடிக்கும். பாதுகாப்பான பக்கம்தான்."

பாதுகாப்பான பக்கம். மூவரும் தலையாட்டினார்கள், மாரித்தும் ஆட்டினாள், கையெழுத்தும் போட்டாள். யாருக்குப் பாதுகாப்பு என்று அந்த மேஜையில் ஒருவரும் கேட்கவில்லை. கதவு மூடினால் தளம் பிழைக்கும். காலுக்குள் நிற்பவன் தளத்தில் சேர்த்தியா என்பது வேறு விஷயம்.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. சொல்ல முடியாததை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்போல் இருந்தது. வடிகால் பம்பின் வரிசையில், கெடுவதற்குமுன் கண்ணில் படுமா என்ற கட்டத்தில், இருந்த மார்க்கை அழித்துவிட்டு உயர்த்திப் போட்டாள். அந்தக் காலில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பெருக்குத்தொகை மாறியது. நடுவில் கிடந்த பம்பு கிரேனையும் படகையும் தாண்டித் தலைமாட்டில் போய் உட்கார்ந்தது.

ஸ்வைனுங் திரையைப் பார்த்தான். "சரி. இதுதான் முதல். நாளைக்குக் காலையில ஐனாரை இறக்கிடு."

பயத்துக்கு மார்க் போட்டால், பயம் குடியிருக்கும் இடத்துக்கே ஆளை அனுப்பி வைப்பார்கள். இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்தவளுக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது.

கூட்டம் கலைந்ததும் ஸ்வைனுங்கின் பின்னாலேயே ஓடினாள். "அந்த மார்க்கைக் குறைக்கணும்."

"என்ன ஆதாரம்?"

"ஏத்தினப்போ நீ ஆதாரம் கேக்கலையே?"

"ஏத்துறதுக்கு ஆதாரம் வேணாம், இறக்கத்தான் வேணும்." அவன் சிரித்தான்; ஏளனமில்லாத சிரிப்பு. "நீயே போட்ட சட்டம்மா. நான் மீற முடியுமா?"

ஐனார் உணவுக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்து வாஃபிளை மடித்து முழுசாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு ஆள் உயரம் என்று அவனை எல்லாரும் கேலி செய்வார்கள். சின்ன வயதில் மாரித்தின் பழைய ஸ்வெட்டர்களைப் போட்டு வளர்ந்தவன், ஒரு கோடைக்குள் அவளைத் தாண்டி வளர்ந்து, அன்றிலிருந்து அவள் தலையில் முழங்கையை ஊன்றி நிற்பதை ஒரு பழக்கமாக வைத்திருந்தான்.

"முதல் இடமாமே எனக்கு?" என்றான். "பள்ளிக்கூடத்துல வாங்காததை எல்லாம் அக்கா வாங்கித் தர்றா."

"ஐனார், அங்கே இறங்குறப்போ உனக்கு ஏதாவது தோணுமா?"

"தோணும். எப்படா மேலே ஏறுவோம்னு."

"விளையாடாதே."

அவன் மென்றபடி யோசித்தான். "காது அடைக்கும். லிஃப்ட்ல எல்லாருக்கும் அடைக்கும், ஆனா கீழே நிக்க நிக்க இன்னும் கொஞ்சம் அடைக்கும். குளத்துல முங்கினா வருமே, அந்த மாதிரி. ஏன்?"

"காய்ச்சல்னு சொல்லிடு. நாளைக்குப் போகாதே."

"நான் போகலைன்னா அந்த ரெயிடார் பையனை அனுப்புவாங்க. கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகலை அவனுக்கு." அவன் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "என்னடி ஆச்சு உனக்கு? அழுதுடுவே போல இருக்கு."

"அப்போ நானும் வர்றேன்."

"வா. ஸ்பேனர் எடுத்துக் குடுக்க எனக்கும் ஆள் வேணும்."

மறுநாள் காலை வேலை நேரத்தில் இறங்கினார்கள். வெளிச்சம் இன்னும் வந்திருக்கவில்லை. காலின் வாயில் இரும்புக் கதவு சுவருக்குள் பின்வாங்கித் திறந்து கிடந்தது. லிஃப்ட் அதைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அதன் விளிம்பில் தடவிய கிரீஸ் மணம் மூக்கில் ஏறியது. கம்பிவலைத் தரைபோட்ட பழைய லிஃப்ட் அது. கம்பிகளுக்கு இடையே கீழே பார்த்தால், சுவரோரமாக ஓடும் இரும்பு ஏணியும், தூர தூரமாய் எரியும் மஞ்சள் விளக்குகளும், விளக்குகள் தீர்ந்த பிறகு அடர்த்தியான கருப்பும் தெரிந்தன. சுற்றிலும் ஈரமே படாத சாம்பல்நிறச் சுவர். அந்தச் சுவருக்கு மறுபக்கம் கடல். இறங்க இறங்க அலையின் இரைச்சல் குறைந்து, பிறகு மட்டுப்பட்டு, கடைசியில் பெரிய வீட்டில் அடுத்த அறையில் யாரோ விழித்திருப்பது தெரியுமே, அந்த மாதிரி ஒரு அமைதியாக மாறியது.

காது அடைத்தது. மாரித் எச்சில் விழுங்கினாள். திறந்தது, மறுபடி அடைத்தது.

அடியில் தரை காய்ந்திருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தாள். மெல்லிய சிமெண்டுத் தூசி, அதில் முன்பு வந்துபோனவர்களின் பூட்ஸ் தடங்கள், அவ்வளவுதான். சுவரைத் தொட்டாள், குளிர், ஆனால் ஈரமில்லை. பழைய எண்ணெய், துரு, பூட்டிக் கிடந்த நிலவறையின் புழுக்கம் எல்லாம் கலந்த ஒரு வாடை. அதற்குள்ளே மிக லேசாக இன்னொன்று. பாசி. சுவரில் சென்சார்கள் மூன்றும் மெல்லிய குழாய்களுக்குள் அடக்கமாக நின்றன. எதிலும் ஒரு சொட்டு நீர் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

"பார்த்தியா?" ஐனார் பம்பின் முன்னால் மண்டியிட்டான். "பாலைவனம். ஒட்டகம் ஒண்ணுதான் குறை."

தோளிலிருந்த வயர்லெஸ்ஸில் ஹால்வரின் குரல் கரகரத்தது. "சேர்ந்துட்டீங்களா? கேமராவுல தெரியுறீங்க. உங்க அழுமூஞ்சி முழிச்சுக்கிச்சு, மாரித். ஒதுக்கி வெச்சாலும் இங்கே எனக்குக் காட்டத்தான் செய்யுது. கணுக்கால்."

"தரை காய்ஞ்சிருக்கு, ஹால்வர்."

"தெரியுது, தெரியுது. முழங்கால்."

ஐனார் ஒரு மரையைத் தளர்த்தினான். அடுத்ததைத் தளர்த்தினான். மாரித் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். பம்பின் முனகல் காதில் விழுந்தது. ஆனால் கம்பளிக்குள் சுற்றிவைத்த மாதிரி. ஐனார் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். அதுவும் அப்படித்தான் கேட்டது. பக்கத்திலேயே இருக்கிறான், எங்கோ தள்ளிப் பாடுகிறான்.

"இடுப்பு," என்றான் ஹால்வர். "நீச்சல் தெரியுமா ரெண்டு பேருக்கும்?"

ஐனாரின் பாதுகாப்புப் பெல்ட்டிலிருந்து ஒரு வார் எப்போதும் பின்னால் தொங்கும். அதன் நுனி மெதுவாக மேலே எழும்பியது. எழும்பி, அந்தரத்தில் நின்று, இடப்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, வலப்பக்கம் சாய்ந்தது. அங்கே காற்று இல்லை. அவளுடைய பெல்ட்டின் வார் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. தூசியில் ஒரு துகள்கூட நகரவில்லை.

"ஐனார்."

"ம்?"

"எழுந்திரு. போகலாம்."

"ஒரே ஒரு மரை."

"நெஞ்சு," என்றது வயர்லெஸ். ஹால்வர் சிரித்தான். "தலைக்கு மேலே போயிட்டா சாண் என்ன முழம் என்ன, மாரித்! நீங்க வேலையைப் பாருங்க."

ஐனாரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. அது விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. தரையைத் தொட அதற்கு அத்தனை நேரம் பிடித்தது. தொட்டபோது சத்தமில்லை.

அவன் அதை எடுக்கக் குனியவில்லை. பாட்டு நின்றிருந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே, பின்கழுத்தில், அவனுடைய முடி விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தது.

வயர்லெஸ்ஸில் இப்போது சிரிப்பில்லை. "மாரித். மூணாவது அசையுது."

"என்னது?"

"மூணாவது சென்சாரும் ஏறுது. வேகமா ஏறுது. கதவு மூடிக்கும், ஏறி வாங்க. சீக்கிரம்!"

இப்போது ஒன்று சொன்னாலே போதும். அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அவள் ஐனாரின் கையைப் பற்றி இழுத்தாள். இத்தனை பெரிய உடம்பு, இழுத்ததும் வந்துவிட்டது. கனமே இல்லை. லிஃப்டுக்குள் தள்ளினாள். கூண்டை இழுத்து மூடினாள். பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி ஏற ஆரம்பித்தது. ஐனார் மூலையைப் பார்த்துத் திரும்பி நின்றான். கோபம் போலிருக்கிறது, வேலையைக் கெடுத்ததற்கு. இருக்கட்டும். மேலே போய்த் திட்டட்டும். மேலே போனால் போதும்.

மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. மேலே சங்கு ஊதத் தொடங்கியது. அதோடு, இரும்பு இரும்பின்மேல் அரைபடும் ஒலி. நிமிர்ந்து பார்த்தாள். காலின் வாயில் தெரிந்த வெளிச்ச வட்டம் ஒரு பக்கத்திலிருந்து தேய்ந்தது. பாதியானது. கீற்றானது. போனது.

லிஃப்ட் அந்த இரும்புக் கதவின் அடிவயிற்றுக்குக் கீழே வந்து நின்றது.

"ஹால்வர்! திற!"

"உள்ளே தண்ணி இருக்கா?"

"இல்லை! ஒரு சொட்டு இல்லை! காய்ஞ்சுதான் இருக்கு, திற!"

"சரி, ஒண்ணு ஆச்சு." அவன் குரலில் பதற்றத்தை அடக்கிய வேலைக்காரனின் நிதானம் இருந்தது. மூடிய கதவைத் திறக்க ஒருவர் வார்த்தை செல்லாது. உள்ளேயிருக்கும் இருவர், தனித்தனியே, தங்கள் வாயால் சொல்ல வேண்டும். "ஐனாரைச் சொல்லச் சொல்லு."

"ஐனார், சொல்லுடா. காய்ஞ்சிருக்குன்னு சொல்லு." அவள் வயர்லெஸ்ஸை அவன் பக்கம் நீட்டினாள். அவன் திரும்பவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

லேசாகத் திரும்பினான். திரும்பியவன் நிற்கவில்லை, கொஞ்சம் அதிகமாகவே சுற்றி, மெதுவாக நின்றான். கண்கள் அகலத் திறந்து அவளையே பார்த்தன. வாய் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கைகள் தொண்டைக்குப் போக முயன்றன. தண்ணீருக்குள் அசைவதுபோல் அசைந்தன.

அவள் அவன் முகத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது. தாடி காய்ந்திருந்தது. அவன் வாய்க்குள் விரலை விட்டாள். காய்ந்திருந்தது.

"ஹால்வர், இவன் மூச்சுத் திணறுறான்! இவனால பேச முடியலை!"

"யாரு?"

"ஐனார்! என் பக்கத்துல! திறடா!"

கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஃபோன் மணி அடிப்பது வயர்லெஸ் வழியே கேட்டது. ஹால்வர் எடுத்தான். யாரிடமோ பேசினான். அவன் திரும்பி வந்தபோது குரலில் குழப்பமும் நிம்மதியும் கலந்திருந்தன.

"மாரித், என்ன விளையாட்டு இது? ஐனார் கீழே இருக்கான். அடித்தளத்துச் சுவர் ஃபோன்லேர்ந்து பேசுறான். நீ அவனை விட்டுட்டு ஏறிட்டியாம்."

"அது அவன் இல்லை."

"கேமராவுலயும் தெரியுறான். பம்புகிட்ட நிக்கிறான். கையாட்டுறான்."

"ஹால்வர், அது அவன் இல்லை. ஐனார் இங்கே இருக்கான். நான் பிடிச்சிட்டு இருக்கேன். கதவைத் திறக்காதே. என்ன ஆனாலும் திறக்காதே."

"இப்போதானே திறன்னு கத்தினே?" பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "அவன் குரல் சொல்லுது, கேமரா சொல்லுது. ரெண்டு. நீ ஒருத்திதான் வேற சொல்றே. அங்கே காத்து சரியில்லையோ என்னவோ. தள்ளாடாம உக்காரு. இரு, அவனையே பேச விடுறேன்."

சின்னதாய் ஒரு கிளிக். பிறகு ஐனாரின் குரல். அதே கேலி, அதே சிரிப்பு. நடுவில் மூச்சு எடுத்துக்கொள்ளாமல் பேசியது.

"காய்ஞ்சுதான் இருக்கு ஹால்வர். வெறும் தூசி."

"ரெண்டு ஆச்சு," என்றான் ஹால்வர்.

தலைக்கு மேல் இரும்பு அசைந்தது. கீற்றாக வெளிச்சம் விழுந்தது. வெண்ணெய் மணம் விழுந்தது. மேலே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு நடந்துபோனார்கள். மாரித் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள், அது அசையவில்லை. கத்தினாள். வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினாள். அதிலிருந்து ஐனாரின் குரல்தான் வந்துகொண்டிருந்தது.

"லிஃப்ட் வேணாம். ஏணியிலேயே ஏறி வர்றேன். கதவை மட்டும் திறந்தே வை."

"மெதுவா வா," என்றான் ஹால்வர். "அவசரமில்லை."

கீழே, வெகு கீழே, இரும்பு ஏணி அதிர்ந்தது. ஒரு கை வைக்கும் சத்தம். இன்னொரு கை. இன்னொரு கை. இடைவெளியே இல்லாமல், இரண்டு கைக்கு அதிகமான கைகள்.

அவள் ஐனாரைக் கட்டிக்கொண்டாள். இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கினாள். அவன் அவள் பிடிக்குள்ளேயே மெல்ல உயர்ந்துகொண்டிருந்தான். மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவன் பூட்ஸ் இரண்டும் கம்பித் தரைக்கு ஒரு சாண் மேலே, நுனி கீழ்நோக்கித் தொங்க, அக்கடாவென்று அசைந்தன. வாய் திறப்பதை நிறுத்தியிருந்தது. கண்கள் மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தன, அவளை அல்ல. அவள் காலடியில், கம்பிகளுக்குக் கீழே, வந்து நின்றுகொண்டிருந்ததை.